டபராவில் ஒரு பால்வெளி

மும்பை மாட்டுங்காவில் காலைநேர ஃபில்டர் காபியின் நுரைக்கு ஒரு நிமிட ஆயுள்தான். டபராவில் ஆற்றி ஊற்றியதும் மேலே திரளும் நுரை, முதல் வாய் குடிப்பதற்குள் அடங்கத் தொடங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் கைபேசியை நுரைக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். டம்ளரின் விளிம்பு வரக்கூடாது, மேசை வரக்கூடாது, நுரை மட்டும்தான். திரையில் தெரிவது காபியே அல்ல; பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் ஏதோ ஒரு கோளின் தரை. இனி எடிட்டிங் செயலியில் நிறங்களைத் தலைகீழாக்குங்கள். வெளிர்பழுப்பு நுரை கருநீலமாக மாறும். குமிழிகளுக்கு நடுவே கறுத்துக் கிடந்த டிகாக்‌ஷன் புள்ளிகள் வெள்ளையாக ஒளிரும். டபராவுக்குள் ஒரு பால்வெளி.

இப்படி உருவம் பிடிபடாத, பெயர் சொல்ல முடியாத படத்தைத்தான் கலை எழுத்தாளர்கள் 'அரூபம்' என்கிறார்கள். ஓவியருக்கு அரூபம் எளிதில் வாய்க்கிறது. வெறும் துணியின் முன் நிற்கும் அவர் நாற்காலியை வரையலாம், வரையாமலும் விடலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிரே ஒரு பொருள் இருந்தால்தான் அதற்கு வேலை. ஆகவே புகைப்படத்தில் அரூபம் என்பது ஓர் இழுபறி. படம் எதையுமே காட்டாதது போலிருக்கும். ஆனால் அந்த இடத்தில், அந்த நொடியில் ஏதோ ஒன்று இருந்தே இருக்கிறது. அதன் பெயர் போய்விடுகிறது. விலாசம் போவதில்லை. மும்பைக் கலைஞர்கள் சிலர் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த விலாசத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்து வந்திருக்கிறார்கள்.

புகைப்படத்தில் அரூபம் தேடும் முயற்சி அதைவிடப் பழையது. 1917-இல் லண்டனில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற புகைப்படக்காரர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி, அதன் வழியே படிகத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் படமெடுத்தார். திருவிழாக் கடையில் வளையல் துண்டு போட்டு விற்கும் கலைடாஸ்கோப்பின் அதே வித்தை. 1920-களில் பாரிஸில் மான் ரேயும் ஜெர்மனியில் மொஹோலி-நாகியும் கேமராவையே ஒதுக்கி வைத்தார்கள். ஒளி பட்டால் கறுக்கும் புகைப்படத் தாளை இருட்டறையில் விரித்து, அதன்மேல் சாவி, கம்பிச்சுருள், கண்ணாடிக் கிண்ணம் என்று எதையாவது வைத்து விளக்கைப் போட்டு அணைத்தார்கள். பொருள் இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் பதிந்தது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பொருள் என்றால் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் எல்லாம் வந்தன. போட்டோகிராம் என்று இதற்குப் பெயர். வெயிலில் காயும் கலர் பேப்பரின் மேல் ஓர் இலையை மறந்துபோய் வைத்து, நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்திருக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் இது புரியும்.

பம்பாய்க்கு இது வந்து சேர்ந்த கதையில் முதலில் வருபவர் ஓவியர் அக்பர் பதம்ஸி. 1969-இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர் தனக்கென்று ஓவியம் வரைந்துகொண்டு இருந்திருக்கலாம். அவரோ 16 எம்.எம். கேமரா, இருட்டறை, அச்சு எந்திரம் என்று வாங்கிப்போட்டு, நேப்பியன் சீ ரோட்டில் 'விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்' என்ற பட்டறையைத் திறந்தார். ஓவியர்களும் சினிமாக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும், ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. திரைப்பட இயக்குநர்கள் மணி கௌல், குமார் சஹானி, ஒளிப்பதிவாளர் கே.கே. மகாஜன், ஓவியர் நஸ்ரீன் மொகமதி ஆகியோர் வந்துபோனார்கள். ஜே.ஜே. கலைப்பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 23 வயது நளினி மலானியும் வந்தார்.

பதம்ஸி அங்கே இரண்டு படங்கள் எடுத்தார். 'சிஸிஜி' படத்தில் மனிதர் இல்லை, கதை இல்லை, ஒலியும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் கோட்டோவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. புள்ளியிலிருந்து கோடு கிளம்பும், கோடுகள் சேர்ந்து கட்டமாகும், கட்டம் கலைந்து வேறொன்றாகும். பதினோரு நிமிடம் இது மட்டும்தான். இன்னொரு படமான 'ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' தொலைந்துபோனது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, இயக்குநர் அஷிம் அலுவாலியா முதுமையில் இருந்த பதம்ஸியை உட்காரவைத்துப் பேசி, அவர் நினைவில் மிஞ்சியதை வைத்து அந்தப் படத்தை மறுபடி உருவாக்க முயன்றார். அது 2016-இல் வெளிவந்தது. எழுபது வயதைத் தாண்டிய பின் கணினியில் உட்கார்ந்து 'கம்ப்யூகிராஃபிக்ஸ்' என்று பெயரிட்டு அச்சுப்படங்கள் செய்தவரும் இதே பதம்ஸிதான். 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் அவர் காலமானார்.

பட்டறைக்கு வந்துபோன நஸ்ரீன் மொகமதியின் வழி வேறு. அவர் கேமராவை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சாலையில் போட்ட வெள்ளைக்கோடு, தறியில் இழுத்துக் கட்டிய பாவு, அலை வடிந்த மணல், ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம் ஆகியவற்றை எடுத்து, சுற்றிலும் இருப்பதை வெட்டித் தள்ளி, கோடு மட்டும் மிஞ்சும்படி அச்சிட்டார். 1990-இல் அவர் இறக்கும்வரை இந்தப் புகைப்படங்களைப் பொதுவில் காட்டவே இல்லை. பென்சிலாலும் மையாலும் அவர் இழுத்த கோடுகளுக்காக உலகம் அவரைக் கொண்டாடியது. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் இந்தப் புகைப்படங்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு, அவர் கண் எங்கே பழகியது என்பது விளங்கியது.

மலானி இருட்டறையில் போட்டோகிராம் செய்து பழகினார். பிறகு அட்டையில் ஒரு கட்டட மாதிரியைச் செய்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ண ஒளியை அதன்மேல் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பிரேம் பிரேமாக எடுத்து 'ட்ரீம் ஹவுசஸ்' படத்தை உருவாக்கினார். ஒரே சுவர் ஒரு நொடி செம்பாகவும் மறுநொடி கடலாகவும் தெரியும். எல்லோருக்கும் நல்ல வீடு வந்துவிடும் என்று நவீனக் கட்டடக் கலைஞர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையின் நிறம் அந்தப் படத்தில் இருக்கிறது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1976-இல், அவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்தார். அதில் கறுப்பு வெள்ளை. உயரமான குடியிருப்பு ஒன்றிலிருந்து இளம்பெண் ஒருத்தி வெளியே பார்க்கிறாள். கீழே பம்பாயின் குடிசைப் பகுதி விரிந்து கிடக்கிறது. இரண்டும் சேர்ந்த படைப்புக்கு 'உடோபியா' என்று பெயர். இடது கண்ணுக்கு வண்ணக் கனவு, வலது கண்ணுக்கு நகரம். கனவை அவர் கிழித்துப் போடவில்லை. அது எந்த ஊரில் காணப்பட்ட கனவு என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்தார். 2023-இல் மலானிக்கு ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது. அரை நூற்றாண்டில் அவர் செய்த எத்தனையோ வீடியோ, நிழல், சுவரோவியப் படைப்புகளுக்கு விதை இந்த இரண்டு திரைகளில் இருக்கிறது.

பதம்ஸி பட்டறையைத் திறந்த அதே 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்ற சில்லை உருவாக்கினார்கள். விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வைத்து, வரிசை வரிசையாக எண்ணிச் சொல்லும் சில்லு அது. டிஜிட்டல் கேமராவின் கண்ணாக அது பின்னாளில் அமர்ந்தது. 2009-இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. சி.சி.டி.க்கு முன்பே, 1957-இல், ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் கைக்குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் ஏற்றியிருந்தார். மொத்தம் 30,976 புள்ளி. இன்றைய சாதாரண கைபேசிப் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன.

புள்ளி என்றதும் தமிழருக்கு வாசல் நினைவுக்கு வருவது இயல்பு. புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் கோலத்தைக் கணினிக்காரர்களும் கவனித்தார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல், கட்டம் கட்டமாக வளரும் படங்களுக்கான கணினி இலக்கணத்தைக் கோலத்தோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். சில விதிகளைக் கொடுத்துவிட்டால் சின்னக் கோலம் தானே பெரிய கோலமாக விரியும். பெண்கள் விரல்நுனியில் வைத்திருந்த கணக்கு அது. படம் என்பது புள்ளிகளின் வரிசை, வரிசை என்பது கணக்கு என்ற எண்ணம் நம் வாசலுக்குப் புதிதல்ல.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு ஒளி. மூன்றையும் சேர்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறங்கள் பிறக்கின்றன. மாட்டுங்காவின் காபி நுரை தலைகீழானது எப்படி? ஒவ்வொரு எண்ணையும் செயலி 255-இலிருந்து கழித்தது, அவ்வளவுதான்.

இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் இதே மாதிரிதான். 1990 பிப்ரவரியில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்களின் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. அடுக்கு என்று சொல்லப்படும் லேயர் வசதி அதில் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. இன்று இலவசச் செயலிகளிலும் அது உண்டு. மேலடுக்கில் ஒரு புள்ளியின் எண் 200, கீழடுக்கில் 100 என்று வைத்துக்கொள்வோம். 'மல்டிப்ளை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டையும் பெருக்கி 255-ஆல் வகுக்கும், விடை 78. படம் இருளும், இரண்டு வண்ணக் கண்ணாடிகளை ஒன்றாகப் பிடித்தது போல. 'ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விடை 222. படம் வெளுக்கும், ஒரே சுவரில் இரண்டு புரொஜக்டர்கள் ஒளி பாய்ச்சியது போல. 'டிஃபரன்ஸ்' இரண்டின் வித்தியாசத்தை மட்டும் விட்டுவைக்கும், விடை 100. இரண்டு படங்களிலும் ஒன்றுபோல் இருக்கும் இடமெல்லாம் கறுத்துப்போய், வேறுபடும் இடம் மட்டும் மினுங்கும். இருட்டறையில் இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துவைத்து ராத்திரி முழுக்கப் பார்த்த வேலை இப்போது பஸ் வருவதற்குள் முடிகிறது. எதை எதோடு சேர்ப்பது என்ற முடிவுக்கு மட்டும் அன்றைய நேரம்தான் இன்றும் தேவைப்படுகிறது.

இந்த அடுக்குகளோடு தாராவிக்கு வருவோம். 13-வது காம்பவுண்டில் பங்கார் என்னும் கழிவுப் பிளாஸ்டிக் வந்து குவிகிறது. கேன், குடம், பொம்மை, நாற்காலிக்கால் எல்லாம் நிறவாரியாகப் பிரிந்து, கிரஷரில் விழுந்து தூளாகி, கழுவப்பட்டு, வெயிலுக்காக மேலே ஏறுகிறது. பத்ரா என்னும் தகரக் கூரைகளின் மேல் ஓரிடத்தில் நீலத்தூள், பக்கத்தில் பச்சை, அதற்கடுத்து சிவப்பு. மேலிருந்து நேர்க்குத்தாக ஒரு படம் எடுத்தால் அது பழைய குடமா பொம்மையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதன்மேல் இன்னொரு அடுக்கு: 90 அடி ரோட்டுப் பக்கச் சந்தில், விடிகாலையில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் போட்டு, மிதிபட்டுப் பாதி கலைந்த கோலம். 'ஸ்கிரீன்' போட்டால் சிமெண்டுத் தரையின் இருட்டு வழியாக நீலத்தூள் மேலே வரும். கோலத்தின் வெள்ளைக்கோடு தூளுக்குள் ஓடும் நரம்பாகும். மூன்றாவது அடுக்காக ஒலி சேரலாம். கிரஷரின் இரைச்சலைப் பதிவுசெய்து, அது ஏறும்போது படம் வெளுக்கவும் இறங்கும்போது இருளவும் வைத்தால் பார்ப்பதும் கேட்பதும் ஒன்றாகிவிடும். மல்டிமீடியா என்ற பெரிய சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான்.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. தாராவியை வந்து படமெடுத்துப் போனவர்கள் ஏராளம். சாக்கடையும் தகரமும் குழந்தையின் முகமும் எத்தனையோ புத்தகங்களில் வந்துவிட்டன. தோல் பதனிடவும் அப்பளம் இடவும் இட்லி அவிக்கவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு, தங்கள் வாசலை ஏழ்மையின் சின்னமாக மட்டுமே பார்க்கும் கேமரா அலுத்துப்போனது. அரூபம் அந்த அலுப்பிலிருந்து விடுதலை தரும். யாருடைய முகத்தையும் எடுத்துக்கொண்டு போகாமல், அங்கே இருக்கும் நிறத்தையும் உழைப்பின் ஒழுங்கையும் காட்டும். ஆனால் அதே அரூபம் ஆபத்தும்கூட. நீலத்தூள் அழகாகத் தெரியும் படத்தில், அதைக் கிளறிவிடும் கையும் அந்தத் தூசியை மூச்சில் வாங்கும் நெஞ்சும் தெரியாது. மலானி இரண்டாவது திரையை வைத்தது இதற்காகத்தான்.

தாராவியிலேயே இதற்கு வேறொரு பதில் கிடைத்தது. 2015 பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை அங்கே 'அலி கலி பியனாலே' நடந்தது. சயான் மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய கலைத் திருவிழா அது. கலையும் உடல்நலமும் மறுசுழற்சியும் அதன் பொருள். படைப்புகளைச் செய்தவர்களில் அங்கே வசிப்பவர்களே பெரும் பங்கு. ஒரு படைப்பில், வீட்டுக்குள் பெண்கள் வாங்கிய அடியையும் காயத்தையும் தாராவியின் வரைபடத்தில் இடம் குறித்துத் துணியில் தைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணத் துண்டுகள் ஒட்டிய அழகான போர்வை. கிட்டே போனால் ஒவ்வொரு துண்டும் ஒரு தெரு.

கிட்டே போகும்போது மாறும் படம் என்றால் ஜிதிஷ் கல்லாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1974-இல் மும்பையில் பிறந்த மலையாளி, ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர். 2009-இல் அவர் செய்த வீடியோ ஒன்றில், உணவுப் பண்டங்களின் எக்ஸ்-ரே படங்கள் இருட்டில் மிதந்து வருகின்றன. பார்ப்பவருக்கு விண்மீன் கூட்டம் நகர்வது போலிருக்கும். 'சைட்டிங்ஸ்' வரிசையில் அவர் பழத்தோலை மிக அருகில் படமெடுத்து லென்டிகுலர் அச்சாகப் போட்டார். பழைய ஸ்கேல்களில் ஆட்டினால் படம் மாறுமே, அதே வரிவரிப் பிளாஸ்டிக் தகடுதான். ஒரு பக்கம் நின்றால் பழத்தோல், நகர்ந்து நின்றால் நிறம் தலைகீழாகி நட்சத்திர வெடிப்பு. மாட்டுங்கா காபியில் நாம் செய்ததை அவர் பார்ப்பவரின் நடையிலேயே நிகழவைக்கிறார். அந்தப் படங்களில் ஒன்றின் தலைப்பு 'சைட்டிங்ஸ் டி9எம்4ஒய்2015'. அதில் ஒரு தேதி இருக்கிறது: 9 ஏப்ரல் 2015. பழத்தின் பெயர் இல்லை, நாள் மட்டும் இருக்கிறது.

அவருடைய 'எபிலாக்' இதைவிட எளிமையானது, இதைவிடக் கனமானது. 2010–11-இல் செய்தது. நீண்டு வளையும் சுவர்களில் 753 புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பின்னணியில் நிலவுகள் வரிசையாகத் தேய்கின்றன, வளர்கின்றன. அருகில் போனால் அவை நிலவுகள் அல்ல. கடித்துக் கடித்துக் குறைந்த சப்பாத்திகள். அவருடைய அப்பா 1936 ஏப்ரல் 2 முதல் 1998 டிசம்பர் 2 வரை வாழ்ந்தார். ஒரு மாதத்துக்கு ஒரு படம். அந்த ஆயுளில் மொத்தம் 22,889 நிலவுகள். மாவும் தவாவும் கேமராவும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மகன் அப்பாவின் ஒவ்வொரு இரவையும் எண்ணி வைத்திருக்கிறார்.

இதைத் தொடங்க நினைப்பவருக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கைபேசி போதும், ஒன்றிரண்டு பழக்கங்கள் போதும். மாட்டுங்கா பிளாட்பாரத்தில் ஷட்டரை அரை நொடிக்குத் திறந்து வைத்தால், கடந்துபோகும் லோக்கல் ரயில் நிறக்கோடுகளாக நீளும். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயில் பக்கம் இருட்டிய பின் கேமராவை வேண்டுமென்றே மெல்லச் சுழற்றினால், விளக்குகள் கம்பிக்கோலம் போடும். மாகுல் பக்கம் எண்ணெய் ஆலைகளின் சுடர் ராத்திரி வானத்தைச் செம்மஞ்சளாக்கும் நாளில், அந்த வானம் மட்டும் ஒரு அடுக்குக்குப் போதும். ஒரே நாளில் நூறு பொருள்களைத் துரத்துவதைவிட, ஒரே சுவரை நூறு நாள் எடுப்பது பலன் தரும். படத்தை ஒருமுறையாவது தாளில் அச்சிட்டுப் பார்ப்பதும் நல்லது. திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கும், திரையில் காணாத சொரசொரப்பு தாளில் எழும். ஆட்கள் வேலை செய்யும் இடம் என்றால் முதலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், முகம் வராத படமாக இருந்தாலும். எடுத்ததை அவர்களிடம் காட்டவும் வேண்டும். தினமும் மிதிக்கும் தூளை அவர்கள் திரையில் பார்க்கும்போது, எந்த மூலையில் எந்த நிறம் எப்போது காயும் என்ற தகவல் அவர்களிடமிருந்தே வரும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நகரத் தொடங்கியிருக்கும் இந்த ஆண்டுகளில், இந்தத் தகவலுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. இன்று நீலமும் பச்சையும் காயும் கூரைகள் எத்தனை நாள் இருக்கும் என்பது அங்கே எல்லோரும் பேசும் பேச்சு. அரூபமாக எடுத்தாலும் அவை பதிவுதான். கோப்புக்கு வைக்கும் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. கேமரா தானாகப் போட்டுத்தரும் எண்ணை அழித்துவிட்டு, கல்லாட் செய்தது போல நாளைப் போடலாம். மலானி செய்தது போலப் பக்கத்தில் ஊரையும் வைக்கலாம். தாராவி, 13-வது காம்பவுண்ட், மூன்றாவது பத்ரா, பச்சைத்தூள், மழைக்கு முந்தின சாயங்காலம்.